புதுக் கயிற்றின் வாசம்

வண்டிக்குள் வெக்கை அடிக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ரேடியேட்டரைத்தான் குறை சொல்வார்கள். பாவம், பெரும்பாலும் அதன் மேல் ஒரு தப்பும் இருக்காது. வெக்கைக்குக் காரணம் சைலன்சர் குழாய். என்ஜினுக்குள் எரிந்த புகை முழுவதும் அது வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். குழாய் போகிற பாதையில் யாருடைய கால் இருக்கிறதோ, அவருக்குச் சூடு. வண்ணார்பேட்டையில் பட்டறை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. யாரும் நம்புவதில்லை. ரேடியேட்டரைக் கழுவித் தாங்க அண்ணாச்சி என்பார்கள். நானும் கழுவிக் கொடுத்துவிடுவேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் மருமகன் கிங்ஸ்லியின் வேனில், குழாயில் இருந்த விரிசல் நான் அதன் மேல் சூடு தடுக்கக் கயிறு சுற்றிய பிறகு வந்ததுதானே என்று கேட்டீர்கள். வண்டியைப் பார்த்த அதிகாரி அப்படித்தான் நினைக்கிறார் என்றும் சொன்னீர்கள். துக்க வீட்டில் இதைக் கேட்க உங்களுக்கே சங்கடமாக இருக்கிறது, வந்ததிலிருந்து நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், பதில் கொஞ்சம் நீளம். என் மகள் ஹெப்சிபாவும் அவள் புருஷனும் அந்த வேனுக்குள் இறந்து கிடந்தார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். கேள்வி என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

அவள் அம்மா போனபோது ஹெப்சி பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சமைக்கவும் துவைக்கவும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். சடை பின்னுவதுதான் கைக்கு வரவே இல்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் கிரீஸ் இருக்கும், அது அவள் வெள்ளை ரிப்பனில் ஒட்டிக்கொள்ளும். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கரி ரிப்பன் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை, பெரியவளான பிறகுதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாயங்காலம் நேரே பட்டறைக்கு வந்து, பழைய பஸ் சீட் ஒன்றில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சொந்தக்காரர்கள் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். நேசையா, மகளுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தவன் என்று கோயிலில் ஆராதனை முடிந்து பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை ஐயா. எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கிங்ஸ்லியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் கிடையாது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான், நடுவில் வாடகைக்கு ஓட்டுவான். குடி கிடையாது. பாடகர் குழுவில் சுதி சேராமல் பாடுவான், அது ஒன்றுதான் அவனிடம் இருந்த கெட்ட பழக்கம். வண்டியை என்னிடம்தான் வேலைக்கு விடுவான். அப்படி வந்து போன இடத்தில்தான் ஹெப்சியைப் பார்த்தான். அவள் என்னிடம் வந்து கேட்டாள். நான் சரி என்றேன். கோயிலில் அவள் கையைப் பிடித்து நடத்திப் போய் அவன் பக்கத்தில் விட்டவனும் நான்தான். அவர்கள் சமாதானபுரத்தில் வீடு பார்த்தார்கள். இங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாள். குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை. அதை யாரிடம் சொல்வது?

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். அதை யாரும் மாற்ற முடியாது. வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். கிணற்றடியில் பாசி வழுக்கும் என்று சிமெண்டு பூசினேன். கட்டில் வாங்கிப் போட்டேன். உத்திரத்தில் தொட்டில் கட்ட வளையம் ஒன்றைப் பட்டறையிலேயே அடித்து மாட்டி, இரண்டு கையாலும் அதில் தொங்கிப் பார்த்தேன். என் கனத்தைத் தாங்கியது. குழந்தை பிறந்து குறைந்தது மூன்று மாதம் இங்கேதான் இருப்பாள் என்று நினைக்க நினைக்கத் தூக்கமே வராது, அவ்வளவு சந்தோஷம்.

அப்போது திசையன்விளையிலிருந்து இன்பமணியம்மாள் வந்தார்கள். கிங்ஸ்லியின் பெரியம்மா, அவனை எடுத்து வளர்த்தவர்கள். பக்கத்தில் ஹெப்சியையும் உட்கார வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேச்சை எடுத்தார்கள்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. பொம்பளை இல்லாத வீட்டுல எப்படிப் பேறுகாலம் பாக்க? நீங்க வெந்நி வெச்சிக் குளிப்பாட்ட முடியுமா? நான் கூட்டிட்டுப் போயி எம்பிள்ளை மாதிரி பாத்துக்கிடுதேன்.”

நான் ஹெப்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், “பெரியம்மா சொல்லுததும் சரிதானப்பா” என்றாள்.

சரிதான். நியாயமான பேச்சு. அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுதேன். சத்தம் வராமல் அழ எனக்கு அவள் அம்மா செத்த நாளிலிருந்தே தெரியும்.

வெக்கை விஷயம் அதற்குப் பிறகு வந்தது. கிங்ஸ்லியின் வேனில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். புரட்டாசி வெயிலில் அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது அடுப்பு மேல் உட்காருவது மாதிரிதான். ஹெப்சியால் அந்தச் சூட்டையும் நெடியையும் தாங்க முடியவில்லை, ஏறினால் குமட்டும். அதனால் உண்டான நாள் முதல் எங்கே போனாலும் டவுன் பஸ்தான். ஒரு நாள் பட்டறைக்கு வந்து நின்றாள்.

“எப்பா, அவுக தொடையப் பாத்தியளா? தோலு உரிஞ்சி கெடக்கு. ராத்திரி படுக்க முடியாமக் கெடந்து தவிக்காவ. ஏதாவது செஞ்சி குடுங்கப்பா.”

அவ்வளவு நாள் கழித்து வந்தவள் கேட்டது அதைத்தான். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை ஐயா, நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சீட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கிப் பார்த்தேன். என்ஜினிலிருந்து குழாய் வளைந்து இறங்குகிற இடத்தில் விரிசல் இருந்தது. நகத்தை வைத்தால் நகம் உள்ளே போகிற அளவு. இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. விரிசல் முதலில் இருந்தது. கயிறு பிறகு வந்தது.

அந்த விரிசலை நான் உண்டாக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எதையும் உடைக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. பக்கத்துப் பட்டறை நாறும்பூநாதனிடம் கொடுத்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்துவிடுவான். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கிங்ஸ்லி கேட்கவில்லை. அவன் வெக்கையைப் போக்கத்தான் சொன்னான்.

வெக்கையைப் போக்கினேன். ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். காய்ந்தால் அது இறுகிக் குழாயைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் சூடு வெளியே வராது. இடைவெளி இல்லாமல், ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறுகிற மாதிரி சுற்றினேன். விரிசல் விட்ட குழாய் சும்மா இருக்காது, பட்பட்டென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கயிறு அந்தச் சத்தத்தை அமுக்கிவிட்டது. புகையை அமுக்காது. நூலுக்கு நூல் கசிந்து வரத்தான் செய்யும். அதோடு, சுற்றின குழாய் உள்ளுக்குள் இன்னும் சூடேறும், இருக்கிற விரிசல் நாளுக்கு நாள் நீளும். இதெல்லாம் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு தகரத்தை வளைத்து, சீட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு மறைப்பு வைத்தேன். மறைப்பு குழாயைத் தொடக் கூடாது. ஒரு விரல் இடம் விட்டு, அந்த இடைவெளிக் காற்று வண்டிக்கு வெளியே போக வழி விட வேண்டும். அதுதான் முறை. நான் அந்த வழியைக் கியர் கம்பி பக்கம் திருப்பி விட்டேன். அங்கே கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, வண்டிக்குள் திறந்திருந்தது. புது உறை ஒன்று என் அலமாரியில் இருந்தது, அதை எடுக்கவில்லை. தரையில் அங்கங்கே இருந்த ஓட்டைகளை மட்டும் நன்றாக அடைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அது. நீங்கள் இப்போது போய்ப் பார்த்தாலும் தகரத்தின் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது.

கிங்ஸ்லிக்கு ஒரே சந்தோஷம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு சுற்றுப் போய்வந்தான். கண்ணாடியெல்லாம் திறந்திருந்தது, ஆற்றிலிருந்து காற்று வந்தது.

“மாமா, தொட்டுப் பாருங்க. சீட்டு சில்லுன்னுல்லா இருக்கு” என்றான். நான் தொட்டுப் பார்த்தேன்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் புகை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் தலை கனக்கும், கண் சொக்கும். ஏதாவது ஒரு நாள், ஆள் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு புளியமரத்தில் முட்டுவான். கால் ஒடியும். கால் ஒடிவது பெரிய விஷயமே இல்லை, கூடிவிடும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வயிற்றுப் பிள்ளைக்காரி திசையன்விளையில் போய் உட்கார முடியுமா? இங்கேதான் வருவாள். வெள்ளை அடித்த வீடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் நல்லதாகத்தான் கணக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் நான் மறந்துவிடவில்லை. அவர்கள் ஏறினால் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டுதான் வருவார்கள், எந்தப் பிள்ளை சும்மா உட்காருகிறது? காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் ஒரு நாள் கிங்ஸ்லி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“மாமா, ரெண்டு பிள்ளையளுக்கு மண்டை வலிக்குன்னு அவங்க அம்மாமாரு சொல்லுதாவ. ஒண்ணு வாந்தி எடுத்திட்டு. சாயங்காலமானா எனக்கும் ஒரு மாதிரி கெறக்கமா வருது.”

“அது புதுக் கயிறு வாசம் மாப்ள. காய காயப் போயிரும். பைய ஓட்டுங்க” என்றேன்.

புதுக் கயிறு சுற்றினால் கொஞ்ச நாள் புகையும், நெடி அடிக்கும். எங்கள் தொழிலில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தான் கொடுப்போம், பயப்படாதீர்கள் என்று. அதனால் அவன் நம்பினான். யாராக இருந்தாலும் நம்புவார்கள். நான் அந்த இடத்தில் வண்டியை விட்டுப் போகச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவன் போகும்போது, “ஹெப்சியை அடுத்த வாரமே பெரியம்மா வரச் சொல்லிட்டாவ மாமா, மழைக்காலம் வந்திட்டுல்லா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்லாமல் போயிருந்தால் ஒருவேளை நான் கூப்பிட்டிருப்பேன்.

அந்த வாந்தி எடுத்த பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் இறந்த அன்று நடந்ததை நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். திசையன்விளை போகிற வழியில், முனைஞ்சிப்பட்டி தாண்டி ஓடைத் தண்ணீர் ரோட்டை மறித்துப் போய்க்கொண்டிருந்தது. வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றன. மழையில் என்ஜினை அணைத்தால் மறுபடி பிடிக்காது என்று டிரைவர்கள் யாரும் அணைக்க மாட்டார்கள். கிங்ஸ்லியும் அணைக்கவில்லை. சாரல் அடித்ததால் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். ஓடுகிற வண்டி என்றால் எப்படியாவது காற்று புகும். நிற்கிற வண்டி அப்படி இல்லை. தண்ணீர் வடிய மத்தியானம் ஆகிவிட்டது.

பின்னால் நின்ற பஸ்ஸில் மஹ்மூதா பீவி என்று ஒரு அம்மா இருந்திருக்கிறார்கள். அடக்கத்துக்கு மறுநாள் என்னைத் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கே வந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“கால் கடுக்குன்னு எறங்கி நின்னேன் அண்ணாச்சி. கண்ணாடி வழியாப் பாத்தேன். பிள்ளை அந்தத் தம்பி தோள்ல சாஞ்சி தூங்கிட்டு இருந்திச்சி. மொகம் செவசெவன்னு எவ்வளவு அழகா இருந்திச்சி தெரியுமா? மாசமா இருக்க புள்ளை, அசந்து தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்னு போயிட்டேன். அப்பமே தட்டியிருந்தா பொழைச்சிருக்குமோ என்னவோ. என்னை மன்னிச்சிருங்க” என்று என் முன்னால் நின்று அழுதார்கள்.

நான் அவர்களை மன்னித்தேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது ஹெப்சியின் முகம் அப்படித்தான் சிவந்திருந்தது. மாசமான நாளிலிருந்து வெளிறிப் போயிருந்த பிள்ளை, அன்றைக்குத்தான் ரத்தம் ஊறினவள் மாதிரி இருந்தாள். அந்தப் புகை குடித்துச் செத்தால் முகம் அப்படித்தான் ஆகுமாம், டாக்டர் சொன்னார். நான் அவள் தலைமுடியை ஒதுக்கி விட்டேன். என் மகளே, என் தங்கமே என்று கூப்பிட்டேன். ஐயா, எனக்கு இந்த உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். நான் கொன்றது அவளை இல்லை. அவள் அந்த வண்டியில் ஏறவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வெக்கை தாங்காமல்தானே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அந்த வெக்கையைப் போக்கியவன் நான். வெக்கை இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். இதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உட்காருங்கள்.

அவர்கள் அன்றைக்குத் திசையன்விளை கிளம்பினதே எனக்குத் தெரியாது என்று உங்கள் ஏட்டையாவிடம் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. போகிற வழியில் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. கிங்ஸ்லி ஹாரன் அடித்தான். நான் கூரைக்கு அடியிலிருந்து பார்த்தேன். முன் சீட்டில் ஹெப்சி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பை. கண்ணாடியை இறக்கினாள்.

“எப்பா, போயிட்டு வாரேன். இப்பம் வெக்கையே இல்லப்பா. குமட்டக்கூட இல்ல” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போனேன். இறங்கும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கியிருப்பாள். ஏன் என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டியிருக்கும். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சொன்ன பிறகு அவள் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் அவள் திசையன்விளைக்கே போவாள், பிள்ளை பெறுவாள், அந்தப் பிள்ளையை என் கண்ணில் காட்ட மாட்டாள். அவள் உயிரோடு இருப்பாள், எனக்கு மட்டும் இருக்க மாட்டாள். இதையெல்லாம் அங்கே நின்று நிதானமாக யோசித்தேன். மழைத்தண்ணீர் அவள் நெற்றியில் தெறித்துக்கொண்டிருந்தது. கையால் துடைத்துவிட்டேன்.

“கண்ணாடிய நல்லா ஏத்திக்கோம்மா, தலை நனையுது” என்றேன்.

அவள் ஏற்றிக்கொண்டாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஈரம் ஆகாது ஐயா, உடனே நெஞ்சில் சளி கட்டிவிடும். எந்த அப்பனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.